பாசி விழுங்கிய கரி எங்கே?

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையானது. அந்தப் பக்கத்து மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். நாக்டிலூகா என்ற ஓரணு உயிரி கோடி கோடியாகப் பெருகி மேல்நீரை மூடிக்கொள்வதால் வருகிற நிறம் அது. சில வாரம் முன்புதான் இதே இனம் சென்னைக் கடற்கரையில் இரவில் நீலமாக மின்னியது. ஊரே திரண்டுபோய் வேடிக்கை பார்த்தது. அப்படிப் பச்சையான தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் ரவையைப் போன்ற சிறு உருண்டைகள் மிதப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். உருப்பெருக்கியில் வைத்தால், ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் அதைவிடச் சிறிய பச்சைப் பாசிகள் நீந்திக்கொண்டிருக்கும். வெயிலில் கரியமில வாயுவை எடுத்துச் சர்க்கரை செய்வது அந்தப் பாசிகள்தாம்.

அந்தப் பச்சை சில நாளில் அழுகியது. அழுகும்போது தண்ணீரிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்தது. மீன்கள் செத்து ஒதுங்கின, மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் ஒரு பகுதி மூச்சுமுட்டி மடிந்தது. பாசி எடுத்த கரியமில வாயு பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே திரும்பத் தண்ணீரில் கரைந்தது.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கடலையும் பெரிய ஏரிகளையும் பற்றி நம்மிடம் ஊறிப்போன ஒரு நம்பிக்கை இருக்கிறது. கடல் பூமியின் நுரையீரல். நாம் விடும் புகையை மிதவைப்பாசிகள் விழுங்கிக்கொள்கின்றன. தண்ணீர் எவ்வளவு பச்சையோ அவ்வளவு கரி பத்திரமாகிறது. ஆகவே பாசியைப் பெருக்கினால் காலநிலைச் சிக்கலில் ஒரு பங்கு தீரும். பள்ளிப் பேச்சுப்போட்டியில் தொடங்கி, கடலில் உரம் தூவிக் கார்பன் வரவு விற்கலாம் என்ற வணிகத் திட்டங்கள் வரை இதுதான் அடித்தளம். இந்த நம்பிக்கை தவறு. அதில் உண்மையின் துண்டுகள் இருப்பதால்தான் தவறென்று காட்டுவது கடினமாகிறது. (கரி என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது கார்பனை.)

அந்த உண்மைத் துண்டுகளை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கடலின் மிதவைப்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கரியை உடலாக்குகின்றன. நிலத்துக் காடும் வயலும் புல்வெளியும் சேர்ந்து செய்வதும் ஏறத்தாழ இவ்வளவுதான். பிரமிப்பூட்டும் எண். ஆனால் எந்த ஒரு நாளிலும் உயிரோடு இருக்கும் மிதவைப்பாசியின் மொத்தக் கரி சுமார் 100 கோடி டன்தான். வகுத்துப் பாருங்கள்: கடலின் பயிர் முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை பிறந்து, தின்னப்பட்டு, மறுபடி பிறக்கிறது. தேக்குமரம் நூறு வருடம் கரியைத் தாங்கி நிற்கும். கடல் பாசிக்கு ஒரு வாரம் ஆயுள். 5,000 கோடி என்பது கல்லாவுக்கு வந்துபோகும் பணம். அதை இருப்பு என்று கணக்கெழுதுவதுதான் முதல் பிழை. பாசி விடும் ஆக்சிஜனுக்கும் இதே கதிதான். பெரும்பகுதியை, அந்தப் பாசியைத் தின்னும் உயிர்களும் மட்கச்செய்யும் நுண்ணுயிரிகளும் கடலிலேயே செலவழித்துவிடுகின்றன.

அப்படியானால் எது இருப்பு? வெயில் படும் மேல்நீரிலிருந்து கீழே விழுவதுதான். செத்த பாசித் துணுக்குகள், சளி போன்ற பிசினில் ஒட்டிய குப்பை, கோபிபாட், கிரில் போன்ற சிறு இறால் உறவினங்களின் எச்சம் எல்லாம் கடலுக்குள் ஓயாத பனித்தூவல்போல் இறங்குகின்றன. தனிப் பாசி அணு ஒன்று தானாக மூழ்க நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். அதையே ஒரு கிரில் தின்று கழித்தால், நூல்போன்ற அந்தக் கெட்டியான எச்சம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கிவிடும். கடலின் கரிக் கணக்கில் இந்த எச்சத்துக்குப் பெரிய இடம் உண்டு. இதை யாரும் சுவரொட்டியில் போடமாட்டார்கள்.

விழுவதெல்லாம் அடிக்குப் போய்ச் சேருவதுமில்லை. கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங் கடல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் மார்ட்டினும் கூட்டாளிகளும் பசிபிக்கில் வெவ்வேறு ஆழங்களில் பொறிகளைத் தொங்கவிட்டு விழுவதைப் பிடித்து எடை போட்டார்கள். 1987இல் அவர்கள் வெளியிட்ட வளைகோடு இன்றும் கடலியல் மாணவர்களுக்குப் பாலபாடம். அதன்படி 100 மீட்டர் ஆழத்தைத் தாண்டும் கரியில் 1,000 மீட்டரை எட்டுவது ஏழில் ஒரு பங்கு. 4,000 மீட்டரை எட்டுவது நூற்றுக்கு நாலு. மற்றதெல்லாம் இருட்டில் வாழும் மீன்களும் இழுதுகளும் பாக்டீரியாக்களும் தின்று மூச்சாக விட்டுவிடுகின்றன. அடிச் சேற்றில் புதைந்து யுகக்கணக்கில் தங்குவது, மேலே விளைந்ததில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

கரி எந்த ஆழத்தில் மூச்சாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 100 மீட்டரில் கரைந்தால் அடுத்த குளிர்காலக் காற்றில் தண்ணீர் கலங்கி மறுபடி மேலே வந்துவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே கரைந்தால் நூற்றாண்டுகள் தங்கும். ஆழ்கடல் நீர் ஒரு சுற்று வர சுமார் ஆயிரம் ஆண்டு ஆகும். வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுக்கும் பச்சைப் படத்தில் இந்த ஆழம் தெரியாது.

பச்சையே அளவுகோல் என்பவர்கள் நம் வீட்டு இரண்டு பக்கத்தையும் பார்த்தாலே போதும். மேற்கே அரபிக்கடல், உலகிலேயே அதிகம் விளையும் கடல்களில் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று ஓமன், சோமாலியக் கரைகளிலும் கேரளக் கரையிலும் மேல்நீரைத் தள்ளிவிட, உரச்சத்து நிறைந்த அடிநீர் பொங்கி எழுகிறது. பாசி கொழிக்கிறது, மத்தி கொழிக்கிறது. அந்தப் பச்சையை நம்பினால் அரபிக்கடல் கரியமில வாயுவை மடமடவென்று உறிஞ்ச வேண்டும். கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தார் 1990களில் பருவம் பருவமாகக் கப்பலில் போய் அளந்ததில் நேர்மாறாகத் தெரிந்தது. ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் அந்தக் கடல் காற்றுக்குக் கரியமில வாயுவைக் கொடுக்கிறது. பொங்கி எழும் அடிநீர் உரத்தை மட்டும் தனியே கொண்டுவருவதில்லை. பழைய பாசிகள் மட்கியதால் சேர்ந்த கரியமில வாயுவையும் கூடவே சுமந்து வருகிறது. பாசி எடுத்ததுபோக மிஞ்சுவது காற்றுக்குப் போகிறது.

கிழக்கே வங்கக்கடல். ஆற்று நன்னீரும் மழைநீரும் மேலே இலேசான மூடிபோல் படர்வதால் அடிநீர் எளிதில் எழாது. அதனால் விளைச்சல் குறைவு. செயற்கைக்கோள் படத்தில் நீலமாக, ஏழையாகத் தெரியும். அங்கே 1980களின் பிற்பகுதியில் இந்திய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் வண்டல்பொறிகளை இறக்கினார்கள். பெரிய புனல் ஒன்று, அதன் அடியில் குறித்த நாளில் தானாக மாறும் குப்பிகள், அவ்வளவுதான் அந்தக் கருவி. குப்பிகளில் சேர்ந்த கரி, விளைச்சலில் பல மடங்கு பெரிய அரபிக்கடலோடு ஒப்பிடும் அளவுக்கு இருந்தது. காரணம் இமயத்து மண். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அந்தக் களிமண் துகள்கள் பாசிக் குப்பையோடு ஒட்டி, கல்லைக் கட்டிக் கிணற்றில் போட்டதுபோல் அதைக் கீழே இழுக்கின்றன. வேகமாக விழுவதால் வழியில் தின்ன நேரமில்லை. பச்சையில்லாத கடல் புதைக்கிறது, பச்சைக் கடல் ஊதித்தள்ளுகிறது. இந்த ஒப்பீட்டுக்கு மேல் எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் வாதம் இதோடு நிற்பதில்லை.

“கடல்தானே நம் புகையில் கால்பங்கை எடுத்துக்கொள்கிறது?” என்பார்கள். எடுத்துக்கொள்கிறது. மனிதர் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடலுக்குப் போகிறது. ஆனால் அதைச் செய்வது பாசியில்லை. காற்றில் வாயு கூடினால் தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கரைந்தது தண்ணீரிலுள்ள கார்பனேட்டோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறும். குளிர்ந்த கடல்களில் கனத்த நீர் அதை எடுத்துக்கொண்டு மூழ்கும். இது வேதியியல், இயற்பியல். கடலில் பாசியே இல்லாவிட்டாலும் இந்தக் கூடுதல் உறிஞ்சல் நடக்கும். பாசிக்குக் கரியமில வாயுப் பஞ்சம் எந்நாளும் இருந்ததில்லை. 106 பங்கு கரிக்கு 16 பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ், இம்மியளவு இரும்பு என்பது அதன் உடலின் கூட்டு. உப்பில்லாத இலையில் சோற்றை மலையாகக் குவித்தால் சாப்பாடு கூடுமா? காற்றில் கரி கூடியதற்காகப் பாசி கூடுதலாக விளைந்துவிடாது.

அந்த வேதியியல் இலவசமும் இல்லை. தொழிற்புரட்சிக் காலத்தில் சுமார் 8.2 ஆக இருந்த மேல்நீரின் பி.எச். இன்று 8.1. சின்ன மாற்றமாகத் தெரியும். அமிலத்தன்மைக் கணக்கில் ஏறத்தாழ முப்பது சதவீத உயர்வு. கார்பனேட் செலவாகச் செலவாக அடுத்த டன்னை உறிஞ்சும் திறனும் குறைகிறது.

உயிர்களுக்கு வேலையே இல்லையா என்று கேட்டால், உண்டு, மிகப் பெரிய வேலை. கடலில் கரைந்திருக்கும் கரி சுமார் 38 லட்சம் கோடி டன், காற்றில் இருப்பதைப்போல் நாற்பது மடங்குக்கு மேல். அதில் ஒரு பகுதியை ஆழத்தில் நிறுத்தி வைத்திருப்பது இந்த ஓயாத தூவல். அது நின்றுபோனால் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 150, 200 பங்கு அளவுக்குக் கூடியிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. ஏரிக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். கரை தேக்கிய நீரைத் தாங்குகிறது. உடைந்தால் ஊர் மூழ்கும். அதற்காக, இந்த வருடம் கூடுதலாக மழை பெய்ததும் கரையால்தான் என்று யாரும் சொல்வதில்லை. கடலுயிர்கள் அந்தக் கரை. நாம் கொட்டும் புகைக்கு அவற்றைத் தோட்டியாக நியமிப்பது அநியாயம்.

இனி இரும்புக்கு வருகிறேன். வளைகோடு வரைந்த அதே மார்ட்டின்தான், தென்பெருங்கடல் போன்ற இடங்களில் நைட்ரஜன் இருந்தும் பாசி வளராததற்கு இரும்புப் பஞ்சமே காரணம் என்று காட்டியவர். பாதிக் கப்பல் இரும்பு கிடைத்தால் ஒரு பனியுகத்தையே கொண்டுவர முடியும் என்று அவர் 1988இல் விளையாட்டாகச் சொன்னதைப் பிறகு வந்தவர்கள் தொழில்திட்டமாக எடுத்துக்கொண்டார்கள். அவர் 1993இல் காலமானார். அதே ஆண்டில் கலாபகோஸ் அருகே முதல் சோதனை நடந்தது. அதற்குப் பின் பத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. இரும்பு போட்டால் பாசி வரும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. கரி ஆழத்துக்குப் போகும் என்பது அப்படி நிரூபணமாகவில்லை.

இதில் இந்தியாவுக்கு நேரடிப் பங்குண்டு. 2009இல் கோவா நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் என்ற கப்பலில் தென் அட்லாண்டிக்குக்குப் போயின. லோஹா, அதாவது இந்தியில் இரும்பு, என்ற சொல்லிலிருந்து அந்தச் சோதனைக்கு லோஹாஃபெக்ஸ் என்று பெயர். வாஜி நக்வியும் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை விஞ்ஞானிகள். எதிர்ப்பு கிளம்பி, ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிறுத்தச் சொல்லி, பிறகு அனுமதி கிடைத்து, கடலில் சுழலும் ஒரு நீர்ச்சுழிக்குள் இரும்பு சல்பேட்டை இரண்டு தடவை கரைத்தார்கள். நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கிற அதே உப்பு. 300 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை 39 நாள் பின்தொடர்ந்தார்கள்.

பாசி இரட்டித்தது. உடனே கோபிபாட்கள் வந்து மேய்ந்தன. கோபிபாட்களைத் தின்ன அவற்றைவிடப் பெரிய ஆம்ஃபிபாட்கள் வந்தன. கனமான கண்ணாடிக்கூடு கட்டி வேகமாக மூழ்கும் டயட்டம் பாசிகள் வளரவில்லை. அந்த நீரில் சிலிக்கா போதவில்லை. கீழே விழும் கரி கூடவே இல்லை. விருந்து நடந்தது; விருந்தாளிகள் சாப்பிட்டு மூச்சுவிட்டுப் போனார்கள். விஞ்ஞானிகள் இதை ஒளிக்காமல் எழுதினார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் நடந்த எய்ஃபெக்ஸ் என்ற இரும்புச் சோதனையில், சிலிக்கா நிறைந்த நீரில் டயட்டம் கொழித்து மடிந்தபோது, அந்தப் பாசியில் குறைந்தது பாதியாவது 1,000 மீட்டருக்குக் கீழே போனது என்று ஸ்மெட்டாசெக் குழு 2012இல் எழுதியது. உண்மையான வெற்றி அது. ஆனால் அது எதைக் காட்டுகிறது? எந்தப் பாசி, எந்த நீர், அங்கே யார் மேய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே முடிவு மாறும் என்பதைத்தான். அதுதான் என் கட்சி. மேலும், அங்கே டயட்டம் தின்ற நைட்ரஜனும் சிலிக்காவும் கடலின் பொதுச் சொத்து. நீரோட்டத்தில் பின்னால் காத்திருக்கும் வேறொரு கடலுக்குப் போக வேண்டியது. தலைமடைக்காரன் மொத்தத் தண்ணீரையும் பாய்ச்சிக்கொண்டு அமோக விளைச்சல் என்று கணக்குக் காட்டினால் கடைமடைக்காரன் ஒப்புவானா? காவிரிக்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் இலண்டன் நெறிமுறை நாடுகள் 2008இலேயே, முறையான ஆய்வைத் தவிர வேறெதற்கும் கடலில் உரமிடக்கூடாது என்று முடிவெடுத்தது சரி. வணிகர்களுக்காக அதைத் தளர்த்துவது தவறு.

பவளப்பாறையும் கிளிஞ்சலும் கரியைக் கல்லாக்கிப் பூட்டுகின்றன என்ற பேச்சும் உண்டு. பைகார்பனேட்டிலிருந்து சுண்ணாம்பு படியும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. கடல்நீரில் பத்து மூலக்கூறு சுண்ணாம்புக்குச் சுமார் ஆறு மூலக்கூறு வாயு. பவளப்பாறையைக் காப்பாற்ற நூறு காரணம் இருக்கிறது: மீனுக்கு வீடு, கரைக்கு அரண், அழகு. இல்லாத காரணத்தைச் சேர்த்தால், அது பொய்யென்று தெரியவரும் நாளில் இருக்கிற காரணங்களும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

ஏரிகளைப் பற்றிய தவறு வேறுவிதம். ஆறு கொண்டுவந்ததை வாங்கிப் புதைக்கும் தொட்டி என்றுதான் அவற்றை வெகுகாலம் நினைத்தார்கள். 1994இல் ஜோனத்தன் கோலும் சகாக்களும் உலகெங்கும் 1,835 ஏரிகளின் 4,665 அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 87இல், காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டியதைவிட அதிகமாகக் கரியமில வாயு கரைந்திருந்தது. ஏரிக்குள் விளைவதோடு, சுற்றியுள்ள நிலத்தின் இலைதழையும் மண்கரியும் அங்கே மட்கி வாயுவாகின்றன. ஏரி தன் நிலத்துக்காகவும் மூச்சுவிடுகிறது. ருவாண்டா, காங்கோ எல்லையிலுள்ள கிவு ஏரியோ, கரி ஆழத்துக்குப் போய்விட்டால் நிம்மதி என்பவர்களுக்கு நல்ல பாடம். அதன் ஆக்சிஜனற்ற அடிநீரில் சுமார் 60 கன கிலோமீட்டர் மீத்தேன் கரைந்து கிடக்கிறது. கரையில் மனிதர்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். அந்த வாயுவை மேலே எடுத்து மின்சாரம் செய்கிறார்கள். எடுக்காமல் விட்டால் ஒருநாள் வெடித்துக் கிளம்பலாம் என்ற அச்சமும் உண்டு.

தங்கனிக்கா ஏரியின் கதை இதைவிடக் கனமானது. தான்சானியா, காங்கோ, புருண்டி, சாம்பியா என்று நான்கு நாட்டுக்குப் பொதுவான ஏரி. ஆழம் சுமார் 1,470 மீட்டர். அதன் அடிநீர் மேல்நீரோடு முழுவதும் கலப்பதே இல்லை. காற்று வலுக்கும் பருவத்தில் கொஞ்சம் அடிநீர் மேலே ஏறும். அதிலுள்ள உரத்தில்தான் பாசி, பாசியில்தான் டகா என்கிற சிறு மீன். இருபதாம் நூற்றாண்டில் ஏரி சூடேறியது, காற்றும் குறைந்தது. சூடான மேல்நீர் எண்ணெய்போல் மிதக்க, அடிநீர் அடியிலேயே தங்கிவிட்டது. 2003இல் கேத்தரின் ஓ'ரைலி குழு, அடிமண்ணில் பதிந்த கரியின் தடயத்தை வைத்து, விளைச்சல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. மீன் சுமார் முப்பது சதவீதம் குறைந்திருக்கலாம் என்றது. சுற்றிலும் உள்ள மக்களின் விலங்குப் புரதத்தில் 25 முதல் 40 சதவீதம் அந்த ஏரி மீன்.

கரிக் கணக்கை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இந்த ஏரி நன்றாக நடந்துகொள்வதாகக்கூடத் தோன்றலாம்: ஆழத்திலுள்ள கரி ஆழத்திலேயே இருக்கிறது, மேலே வருவதில்லை. கூடவே உரமும் வருவதில்லை. நிலவில்லாத இரவுகளில் படகின் நுனியில் விளக்கேற்றி, வெளிச்சத்துக்குக் கூடும் டகாவை வலையால் அள்ளுவது அந்தக் கரையின் தொழில். விளக்கு அப்படியேதான் எரிகிறது, வலையில்தான் மீன் குறைவு.